ஆடாத மிஷின்

ஒரு ரூபாய்க் காசு இருந்தா குடுங்க தம்பி. பயப்படாதீங்க, திருப்பிக் குடுத்தர்றேன். இப்ப இந்த பாலிஷ் மிஷினை மேசை மேல இப்படிப் படுக்க வெக்கறேன். சுவிட்ச்சுப் போட்டாச்சு. சத்தம் ஒரே சீரா வருதுங்களா? இப்பக் காசை மிஷின் முதுகு மேல நிறுத்தறேன். படுக்க வெக்கலை, நல்லாப் பார்த்துக்குங்க, நிறுத்தறேன். நிக்குதுங்களா? நிக்குது. கொஞ்சம் மெதுவா மூச்சு விடுங்க, இன்னும் சித்தெ நேரம் நிக்கட்டும்.

போதும். காசைப் பிடிங்க. அந்தச் சேர்ல உக்காருங்க. சுலோச்சனா, காப்பி வை, ஒருத்தரு மிஷின் பார்க்க வந்திருக்காரு. என்ற சம்சாரமுங்க. மிஷின்னு சொன்னாலே மூஞ்சியத் திருப்பிக்குவா. நீங்க கண்டுக்காதீங்க.

நான் நாச்சிமுத்துங்க. கணபதி ஏரியாவுல மோட்டார் பட்டறை. கெணத்து மோட்டார், போர் மோட்டார், மாவாட்டற கிரைண்டர் மோட்டார், எல்லாம் கைபட்டாச்சு. இப்பப் பட்டறையைப் பையன் பார்த்துக்கறான், நான் தினமும் போய் நின்னு தப்புக் கண்டுபிடிச்சுப்போட்டு வருவேன். எங்கூர்ல ஒரு மோட்டார் நல்ல மோட்டாரான்னு எப்படிப் பார்ப்போம் தெரியுங்களா? ஓட விட்டு, மேல காசை நிறுத்துவோம். நின்னா மோட்டார் சரி. விழுந்துதுன்னா பேரிங் போயிருச்சு, இல்லைன்னா நடுவுல சுத்தற சாப்டு கோணல். அதுக்கு மேல ஒரு பரீட்சையும் இல்லை.

இந்த மிஷினைக் கடையில வாங்கினப்பக் காசு நிக்கலைங்க. அதைத்தான் சொல்ல வர்றேன். வாங்கற பொருளோட பூர்வீகம் தெரிஞ்சுக்காம வாங்கப்படாது.

வெளியில அரக்குக் கலர்ல ஒரு காரு நிக்குதே, வரும்போது பார்த்திருப்பீங்க. பார்த்துப்போட்டு அதைப் பத்தி ஒண்ணுமே கேக்காம உள்ள வந்தீங்க பாருங்க, அது உங்க நல்ல மனசு. மத்தவங்கெல்லாம் வாசல்லயே ஆரம்பிச்சுருவாங்க. அந்த வண்டி எங்க சகலைகிட்ட வாங்கினதுங்க. சகலை பேரு திருமூர்த்தி, சுலோச்சனாவோட அக்காவைக் கட்டினவரு. திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்காரு. அவரு ஒரு பெரிய வெள்ளை வண்டி புதுசா எடுத்தாரு, பழசை எனக்குக் குடுத்தாரு. சும்மா இல்லைங்க, பணம் குடுத்துத்தான் வாங்கினேன்.

வாங்கிப் பல வருசம் ஆயிருச்சு. ஆர்.சி.யில என்ற பேருதான் இருக்குது. இன்சூரன்ஸு நான் கட்டறேன், டயர் நான் மாத்தினேன், உள்ள தொங்கற முருகர்கூட நான் வாங்கி மாட்டினதுதான். ஆனா ஒறம்பரை, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய் எறங்கினா என்ன சொல்லுவாங்க தெரியுங்களா? 'திருமூர்த்தி வண்டி வந்திருக்குது.' நாச்சிமுத்து வந்திருக்கான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. ஒருக்கா பொள்ளாச்சியில மச்சான் வீட்டுக்குள்ள நான் உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கறேன். வெளியில இருந்து ஒரு பெரியம்மா, 'திருமூர்த்தி வந்திருக்காப்லயா, காரு நிக்குது'ன்னு ஆசையா உள்ள ஓடி வந்துச்சு. என்னைப் பார்த்துப்போட்டு, 'அட, நீயா'ன்னுட்டுத் திரும்பிப் போயிருச்சு. எனக்கு நெம்ப வலிச்சுதுங்க. சோறு எறங்கலை. வெளிய சொல்லிக்க முடியுங்களா இதை?

சகலை கெட்டவருன்னு சொல்லலைங்க. அப்பச் சொல்லலை. எதைக் கேட்டாலும் 'உங்க இஷ்டம் சகலை'ம்பாரு. அதுதான் எனக்கு எரிச்சலே. ஒரு மனுசன் எதுக்கு எல்லாத்தையும் விட்டுக் குடுக்கறான்? கையில எச்சா, தேவைக்கு மேல இருக்கறதனாலதானே?

அப்பத்தான் மச்சான் பொண்ணுக்குக் கண்ணாலம் வந்துச்சு. மச்சான்னா சுலோச்சனாவோட அண்ணன், ஈஸ்வரமூர்த்தி. எங்க பக்கத்துல மாப்பிள்ளைய மண்டபத்துக்குப் பக்கத்துக் கோயில்ல உக்கார வெச்சு, அங்கிருந்து அலங்காரம் பண்ணின காருல மேளதாளத்தோட கூட்டிட்டு வருவாங்க. பொண்ணு வீட்டு வண்டிதான் போகோணும். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளைன்னா நானும் சகலையும் ரெண்டே பேரு. மச்சான் நேக்கா, 'நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு வண்டிய விடுங்க'ன்னுட்டாரு. சகலைகிட்டக் கேட்டேன். என்ன சொல்லியிருப்பாருன்னு நினைக்கறீங்க? 'உங்க இஷ்டம் சகலை.'

நான் முடிவு பண்ணிட்டனுங்க. மாப்பிள்ளை என்ற வண்டியிலதான் வரோணும். ஊரே ரெண்டு பக்கமும் நின்னு பார்க்கும். அன்னிக்கு ஒரு நாள் அது நாச்சிமுத்து வண்டின்னு ஆயிருச்சுன்னா அப்புறம் சாகற வரைக்கும் அது நாச்சிமுத்து வண்டிதான்.

வண்டிய வெயில்ல கொண்டு போய் நிறுத்திப் பார்த்தேன். பார்த்தா பெயின்ட்டு முழுக்க வட்டம் வட்டமாக் கோடு, சிலந்தி வலையாட்ட. நிழல்ல தெரியாது, வெயில் பட்டாத் தெரியும். எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. ஏன்னா நான் வண்டிய வெச்சிருக்கறாப்ல ஒருத்தரும் வெச்சிருக்க முடியாது. தினமும் காலையில எந்திரிச்சதும் பல்லுகூட வெளக்காம, பனியன் வேஸ்ட்டுல ஒரு சுத்து நல்லா அழுத்தித் துடைச்சிருவேன். பட்டறையில லேத்து துடைக்கறோமே, அதே வேஸ்ட்டுதான், எண்ணெயில ஊறி மெத்துன்னு இருக்கும். ஒரு நாள் தவறினதில்லை. அப்படிப் பார்த்துக்கற வண்டியில கோடு எப்படி விழும்? சகலை வெச்சிருந்தப்ப விழுந்ததுதான். வேற என்ன?

சரி, பாலிஷ் போட்டா கோடு போயிரும்னு சொன்னாங்க. கடையில விட்டாப் போட்டுத் தருவான், ஆனா மோட்டார்ல சுத்தற ஒரு வேலைய நான் இன்னொருத்தன்கிட்டக் குடுப்பனுங்களா? காந்திபுரத்துல காருச் சாமான் விக்கற கடைக்குப் போனோம். சுலோச்சனாவும் வந்தா. கடையில ஹேமலதான்னு ஒரு அம்மிணி. நல்லாப் பேசுச்சு, எச்சாப் பேசுச்சு.

"சார், இதுல ரெண்டு வகை இருக்குதுங்க"ன்னு ஆரம்பிச்சுது. "ஒண்ணு நேரா சுத்தறது. ரோட்டரிம்பாங்க. வேகமா வேலை செய்யும், ஆனா சூடாகும். ஒரே எடத்துல வெச்சிருந்தா பெயின்ட்டையே எடுத்துரும். கை பழகினவங்களுக்குத்தான் அது. இன்னொண்ணு சுத்திக்கிட்டே ஆடறது. மெதுவாத்தான் கோடு போகும், ஆனா பெயின்ட்டு பத்திரமா இருக்கும். முதல் தடவைன்னா நீங்க இதை எடுங்க சார்."

"என்னது, ஆடறதா?"

"ஆமாங்க சார். ஆடிக்கிட்டே சுத்தறதனாலதான் சூடு ஒரே எடத்துல சேராது."

நான் பாக்கெட்டுல இருந்து காசை எடுத்தேன். மிஷினைப் போடச் சொல்லி மேல நிறுத்தினேன். காசு எகிறிப் போய் ஷோகேசுக்கு அடியில விழுந்துருச்சு. கடையில இருந்தவங்கெல்லாம் திரும்பிப் பார்த்தாங்க.

"ஏனம்மிணி, ஆடற மோட்டாரை எங்க ஏரியாவுல வித்தா அடிக்க வருவாங்க"ன்னு பொறுமையாத்தான் சொன்னேன்.

"அதோட வேலையே ஆடறதுதானுங்க சார்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நாங்களும் யாவாரம் பண்றவங்கதானே. பேரிங் சத்தம் கேக்குதுன்னு கஸ்டமர் சொன்னா, 'சத்தம் வந்தாத்தானுங்க தண்ணி எச்சா இழுக்கும்'னு சொல்லி எத்தனை மோட்டாரைத் தள்ளி விட்டிருக்கறேன். அந்த அம்மிணி என்கிட்டயே அதைச் சொல்லுது.

அப்புறம் பேடு காட்டுச்சு. மிஷின் மூஞ்சியில ஒட்டற பஞ்சு வட்டமுங்க. கம்பளியில ஒண்ணு இருக்குதாமா, அதை என்ற கண்ணுலயே காட்டலை, உங்களுக்கு வேண்டாம்னு உள்ள வெச்சிருச்சு. பஞ்சுல மூணு குடுத்துச்சு. முரட்டுப் பேடு ஆழமான கோட்டுக்கு, நடுத்தரம் சாதாக் கோட்டுக்கு, மெத்துனு இருக்கறது கடைசியா மினுமினுப்புக் குடுக்க. "எப்பவும் மெத்துனதுல ஆரம்பிச்சுப் பாருங்க சார், போதலைன்னா அடுத்ததுக்குப் போங்க. டிக்கிப் பக்கம் ஓரமா ஒரு எடத்துல முதல்ல போட்டுப் பாருங்க. மேல இருக்கற கோட்டிங் தலைமுடி கனம்கூட இருக்காது"ன்னுச்சு. "வண்டி இரும்பு அம்மிணி, அப்பளமில்லை"ன்னேன். அதுக்கு அது, "வண்டிய எதுல சார் துடைக்கறீங்க"ன்னு கேக்குது. பேடைப் பத்திப் பேசிட்டிருக்கறப்ப எதுக்குத் துணி? புரிஞ்சுருச்சு எனக்கு. அங்க மெத்துமெத்துன்னு ஏதோ ஒரு துணி அடுக்கி வெச்சிருந்தாங்க, அதைத் தலையில கட்டப் பார்க்குது. திருப்பூர்ல சம்பந்தம் வெச்சிருக்கறவன்கிட்டத் துணி விக்குது.

நேரா சுத்தறது ஆடலைதான். எடுத்துப் பார்த்தேன், நெம்பக் கனம். எனக்குத் தோள்பட்டை வலி வேற. சுலோச்சனாவும், "அந்தப் புள்ள சொல்றதையே எடுங்க"ன்னு காதுல ஓதிட்டே இருந்தா. நானும் யோசிச்சேன். மிஷின் கைக்கு அடக்கமா இருக்குது, மோட்டார் காயில் சுத்தமா இருக்குது, ஆட்டம் ஒண்ணுதான் குறை. ஆட்டத்தை எடுக்கறது நமக்கு ஒரு வேலையா? எடுத்துட்டு வந்துட்டேன்.

பட்டறைக்குப் பக்கத்துல அங்கமுத்துன்னு லேத்துக்காரன். கை வெச்சான்னா ஒரு நூல் பிசகாது. அவனை உக்கார வெச்சு மிஷினைப் பிரிச்சேன். பிரிச்சுப் பார்த்தா, தம்பி, என்ன சொல்றது. பேடு மாட்டற மூக்கு இருக்குது பாருங்க, அது சாப்டுக்கு நேரா இல்லை. நடுவுல இருந்து அக்கட்டால தள்ளி நிக்குது. தொளையவே ஓரமாப் போட்டிருக்கான். போட்டது தப்புன்னு தெரிஞ்சு, அதைச் சரிக்கட்டறதுக்கு எதிர்ப்பக்கம் ஒரு இரும்புக் கட்டிய வெச்சு முறுக்கியிருக்கான். போதாக்குறைக்கு மூக்குக்குள்ள ஒரு பேரிங்கைப் போட்டு, பேடு அது பாட்டுக்குச் சுத்தற மாதிரி லொடலொடன்னு விட்டிருக்கான்.

அங்கமுத்து கொஞ்சம் தயங்கினான். "ஏனுங்ண்ணா, ஒருத்தன் தப்பாத் தொளை போட்டாச் சரி. கட்டி வெச்சு முறுக்கறதெல்லாம் பார்த்தா வேணும்னே பண்ணினாப்ல இருக்குதே"ன்னான்.

"லாட்டு மொத்தமும் கோணலாப் போயிருக்கும்டா. தூக்கிப் போட மனசு வராம, ஆடித்தான் வேலை செய்யும்னு கதை கட்டி அனுப்பிச்சுட்டான்."

அவனுக்கும் அது நியாயமாப் பட்டுது. நல்ல இரும்புல புதுசா ஒரு சாப்டு கடைஞ்சோம். மூக்கை நட்ட நடுவுல கொண்டாந்தோம். கட்டியத் தூக்கி எறிஞ்சோம். லொடலொடப் பேரிங்கை எடுத்துப்போட்டு நேரா முறுக்கினோம். பூட்டி, சுவிட்ச்சைப் போட்டு, காசை நிறுத்தினேன். நின்னுச்சு. அங்கமுத்து என்னைப் பார்க்கறான், நான் அவனைப் பார்க்கறேன். போண்டா வாங்கிட்டு வரச் சொல்லிச் சாப்பிட்டோம். பட்டறை வெச்ச காலத்துல இருந்து எத்தனையோ மோட்டார் சரி பண்ணியிருக்கறேன், ஒரு கம்பெனியோட தப்பையே திருத்தினது அன்னிக்குத்தான்.

பேடு விசயத்துக்கு வர்றேன். மெத்துனு ஒண்ணு குடுத்துச்சு பாருங்க, அதை அமுக்கிப் பார்த்தேன், தலகாணியாட்ட உள்ள போகுது. இது எப்படிக் கோட்டை எடுக்கும்? பெட்டிக்குள்ள மிஷின் அடிபடாம இருக்கறதுக்கு வெச்ச பஞ்சை எடுத்துக் காசுக்கு வித்திருக்கும் அந்த அம்மிணி. சுலோச்சனாகிட்டக் குடுத்துட்டேன், ரசச் சட்டி எறக்கி வெக்க நல்லா இருக்குதுன்னு சொன்னா. நடுத்தரத்தையும் ஒதுக்கி வெச்சேன். கோடு எடுக்கோணும்னு முடிவு பண்ணினப்புறம் நடுத்தரம் எதுக்கு? முரட்டுப் பேடையே மாட்டினேன்.

டிக்கியில ஓரமாப் போட்டுப் பார்க்கச் சொன்னாங்கல்ல. டிக்கிய எவன் பார்க்கறான்? மாப்பிள்ளை வண்டி வரும்போது எல்லாரும் பார்க்கறது பானெட்டைத்தான். பானெட்டு நடுவுல பாலிஷ் மருந்தைத் தடவி, மிஷினை வெச்சு, ஒடம்பு பாரத்தை மொத்தமும் குடுத்து அமுக்கினேன். ஆட்டமே இல்லைங்க. கைக்கு அவ்வளவு சுகம். சித்தெ நேரத்துல துடைச்சுப் பார்த்தா, கோட்டைக் காணோம். என்ற மூஞ்சி தெரியுது, மூக்குமேல இருக்கற மச்சம் வரைக்கும் தெரியுது. எனக்கு அந்த எடத்தை விட்டு வர மனசில்லை. இன்னும் கொஞ்சம் தெளிவாத் தெரியட்டும்னு அங்கயே வெச்சு ஓட்டினேன்.

ஒரு வாசம் வந்துச்சு. காயில் கருகறாப்ல ஒரு வாசம். உடனே மிஷினைத் தொட்டுப் பார்த்தேன், மோட்டார் ஜில்லுனு இருக்குது. அப்ப மிஷின்ல குறை இல்லை. தைரியமாத் தொடர்ந்து ஓட்டினேன். அப்பத்தானுங்க பேடுக்கு அடியில கலர் மாறுச்சு. எடுத்துத் துடைச்சா, அரக்குக் கலருக்கு நடுவுல ஒரு வெள்ளை வட்டம். இட்லித் தட்டு அளவுக்கு இருக்கும். சுத்தமான வெள்ளைகூட இல்லை, சாம்பல் கலந்த வெள்ளை.

எனக்கு ஒண்ணும் புரியலை. சந்தேகத்துக்குப் பக்கத்துல இன்னொரு எடத்துலயும் வெச்சு ஓட்டினேன். அங்கயும் அதே வெள்ளை. அப்பத்தான் பொட்டுல அடிச்சாப்ல எனக்கு விளங்குச்சு.

அந்த வண்டி வெள்ளை வண்டிங்க தம்பி. சகலை அதுக்கு அரக்குப் பெயின்ட் அடிச்சு என்ற தலையில கட்டியிருக்காரு.

இத்தனை வருசமா எதுக்கு 'உங்க இஷ்டம், உங்க இஷ்டம்'னு பணிஞ்சு பணிஞ்சு பேசினாருன்னு இப்பத் தெரியுதுங்களா? எங்கயோ இடிச்ச வண்டியா இருக்கும், இல்லைன்னா மழைத் தண்ணியில முழுகின வண்டியா இருக்கும். கலரை மாத்தி, சொந்தக்காரன்தானே, கேக்க மாட்டான்னு குடுத்திருக்காரு. மிஷின் மட்டும் ஆடியிருந்துதுன்னா இந்த உண்மை கடைசி வரைக்கும் வெளிய வந்திருக்காது.

சுலோச்சனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ பார்த்தா. பார்த்துப்போட்டு அப்படியே படியில உக்காந்துட்டா. ஏன் உக்காந்துட்டேன்னு கேட்டா, கால் வலிங்கறா. நான் சொன்னேன், "உங்க அக்கா புருசன் பண்ணின காரியத்தைப் பாரு. இதுக்கு ஒரு நியாயம் கெடைக்காம நான் அந்தக் கண்ணாலத்துக்கு வரமாட்டேன்." அவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "எங்கண்ணன் வீட்டு முதல் விசேசமுங்க, சண்டை மட்டும் வேண்டாமுங்க. பெயின்ட் கடையில ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு அப்புறம் பேசலாம்"ன்னா. பெயின்ட் கடைக்காரன் என்ன சொல்லுவான், தொழில் ரகசியத்தை வெளிய விடுவானா? அவ அழுதது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அவளுக்கு அவங்கண்ணன்னா உசுரு. ஆனா எனக்குன்னு ஒரு மானம் இருக்குதுல்லீங்க?

அன்னிக்கே வண்டிய எடுத்துட்டு நேரா திருப்பூர். சுலோச்சனாவும் ஏறிட்டா. வழி நெடுக அவங்க அக்காகூடப் போன்ல குசுகுசுன்னு ஒரே பேச்சு. பொம்பளைங்களுக்குக் கண்ணாலம்னா நகை, சேலைன்னு பேச்சு முடியுங்களா? நான் காதுல வாங்கலை.

சகலை வாசல்லயே நின்னுட்டிருந்தாரு. நான் கைய நீட்டிப் பானெட்டைக் காட்டினேன். "இதுக்கு என்ன சொல்றீங்க?"

அவரு குனிஞ்சு பார்த்தாரு. வெரலை வெச்சுத் தேய்ச்சுப் பார்த்தாரு. மோந்துகூடப் பார்த்தாரு. "ஏனுங்க சகலை, இது எல்லா வண்டிக்கும் பெயின்ட்டுக்கு அடியில..."ன்னு ஏதோ மழுப்ப ஆரம்பிச்சாரு. நான் அசையலை. சுலோச்சனா எனக்குப் பின்னால நின்னுட்டிருந்தா. சகலை பேசிக்கிட்டே நிமிர்ந்து பார்த்தாரு. என்ற மூஞ்சியப் பார்க்கத் தைரியம் இல்லீங்க அவருக்கு, எனக்குப் பின்னாலயே பார்த்துட்டு நின்னாரு. அப்புறம் தலையக் குனிஞ்சுட்டாரு.

"தப்புத்தானுங்க சகலை"ன்னாரு. "வெள்ளை வண்டிதான். சொல்லியிருக்கோணும். மன்னிச்சுக்குங்க."

சொல்லும்போது வாயெல்லாம் நடுங்குதுங்க அவருக்கு. குத்தம் பண்ணினவன் எப்படி இருப்பான்னு அன்னிக்குத்தான் நேர்ல பார்த்தேன். வீட்டுக்குள்ள சுலோச்சனாவோட அக்காவுக்கு விடாம இருமல். சகலைக்கும் தொத்திக்கிச்சு போல, துண்டை வாயில வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டு அப்புறந்தான் வந்தாரு.

"நான் என்ன பண்ணோணும்னு சொல்லுங்க சகலை, பண்ணிர்றேன்"ன்னாரு.

"மாப்பிள்ளை என்ற வண்டியிலதான் வரோணும்."

"அவ்வளவுதானுங்களா? உங்க வண்டியிலயே வரட்டும். பூ அலங்காரம் மட்டும் நான் சொல்லிர்றேன்."

அலங்காரம்னா அப்படி ஒரு அலங்காரமுங்க. பானெட்டு தெரியாத அளவுக்குச் சம்பங்கியும் ரோசாவும் பாய் பின்னினாப்ல பின்னிப் போட்டிருந்தான். நான் பாலிஷ் போட்ட எடம் ஒரு துளிகூட வெளிய தெரியலை, அது ஒண்ணுதான் எனக்கு மனத்தாங்கல். நாந்தான் ஓட்டினேன். சகலை வண்டிக்கு முன்னால நடந்தே வந்து கூட்டத்தை விலக்கி விட்டுட்டு வந்தாரு. அவரோட வெள்ளை வண்டி எங்கயோ சந்துல நின்னுட்டிருந்துச்சு. மேளம் அடிக்குது, வேட்டுப் போடறாங்க, மாப்பிள்ளைப் பையன் பின்னால உக்காந்து வேர்த்துக் கொட்டறான். நான் கண்ணாடி வழியா ரெண்டு பக்கமும் பார்த்துட்டே வர்றேன். ஆனா, தம்பி, அப்பக்கூட ஒரு ஆளு சொன்னது காதுல விழுந்துச்சு. "திருமூர்த்தியோட பழைய வண்டிதானே இது?"

அந்த நிமிசம் எனக்கு எல்லாம் விட்டுப் போச்சுங்க. இவ்வளவு பண்ணியும் இதுதானான்னு இருந்துச்சு. ராத்திரி சாப்பிடக்கூட இல்லை.

மக்கா நாள் காலையில முகூர்த்தம். பூவெல்லாம் வாடிப் போச்சுன்னு பிச்சுப் போட்டுட்டாங்க. நான் வண்டிய மண்டபத்து முன்வாசல்லயே நிறுத்திப்போட்டு உள்ள வந்து உக்காந்துட்டேன். தாலி கட்டி முடிஞ்சுது. ஜனம் பந்திக்கு எந்திரிக்குது. அப்ப மைக்குல ஒருத்தன் பேசறான்: "சமையல் சாமான் வண்டி உள்ள வர முடியலீங்க. வாசல்ல நிக்கற அரக்குக் கலர் காரு, பானெட்டுல ரெண்டு வெள்ளை வட்டம் போட்ட காரு, அது யாரோடதுங்க? கொஞ்சம் எடுங்க."

மண்டபமே சொல்லுச்சுங்க. ஒருத்தர் ரெண்டு பேரில்லை. முன்னால இருந்தவங்க, பின்னால இருந்தவங்க, பந்தியில எலை போட்டு உக்காந்திருந்தவங்க, எல்லாரும். "அது நாச்சிமுத்து வண்டி." 'அட, நீயா'ன்னு போன பெரியம்மாவும் சொல்லுச்சு, நான் கண்ணால பார்த்தேன். சிரிச்ச மூஞ்சியாச் சொன்னாங்க எல்லாரும். சந்தோசம்தானே.

மைக்குக்காரன், "நாச்சிமுத்து அவர்கள் உடனே வாசலுக்கு வரவும்"ன்னான். நான் உடனே எந்திரிக்கலை. இன்னொருக்காச் சொல்லட்டும்னு உக்காந்திருந்தேன். அவன் இன்னொருக்காச் சொன்னான். அப்புறமும் சொன்னான். சுலோச்சனா கையப் பிடிச்சு இழுக்கறா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. அவ்வளவு சந்தோசம் எனக்கு என்ற கண்ணாலத்துலகூட வந்ததில்லை.

அன்னியோட திருமூர்த்தி வண்டிங்கற பேரு ஒழிஞ்சுது. இப்பப் பொள்ளாச்சி, உடுமலை, எங்க போய் நிறுத்தினாலும் சின்னக் கொழந்தை வரைக்கும் சொல்லும், நாச்சிமுத்து வண்டின்னு. பையன் பெயின்ட் அடிச்சுரலாம்ப்பான்னு தினமும் கெஞ்சறான். எதுக்குங்க அடிக்கோணும்? அடிச்சா மறுபடியும் அது யாரு வண்டின்னு எனக்கே சந்தேகம் வந்துரும்.

சரி, காப்பி ஆறுது, குடிங்க. உங்க விசயத்துக்கு வர்றேன். மிஷின் விக்கறதுக்குன்னு நான் யாருகிட்டயும் சொல்லலையே. நீங்க யாரு சொல்லி வந்தீங்க? எந்த ஊரு? திருப்பூரா? அங்க யாரு? சும்மா சத்தமாச் சொல்லுங்க, இங்க வேத்து ஆளு இல்லை.

சகலையா?

சுலோச்சனா, கேட்டியா, உங்க மாமா ஆளனுப்பியிருக்காரு. என்ன வெலை சொன்னாலும் குடுத்து வாங்கிட்டு வரச் சொன்னாருங்களா? அட, என்ன வெலை சொன்னாலும்னா சொன்னாரு? பாரு சுலோச்சனா. நீ எதுக்குக் கண்ணைக் காட்டறே அவருக்கு, அவரு என்ன சின்னப் புள்ளையா, சொல்லட்டும்.

இப்பப் புரியுதுங்க எனக்கு. கண்ணாலத்தன்னிக்கே நான் சொன்னேன், உங்க புது வண்டிக்கும் பாலிஷ் போட்டுர்றேன் சகலை, வெயில்ல பார்த்தா அதுலயும் லேசாக் கோடு தெரியுதுன்னு. அப்பத் தலைய ஆட்டினாரு, அப்புறம் இந்தப் பக்கமே வரலை. என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு அவரே மிஷினை வாங்கி அவரே போட்டுக்கலாம்னு பார்க்கறாரு. பாவம், அவருக்கு என்னத்த தெரியும் மோட்டாரைப் பத்தி. பனியன் தெக்கற மனுசன்.

மன்னிச்சுக்குங்க தம்பி, மிஷினை விக்கறதாயில்லை. சகலைகிட்டப் போய் நான் சொன்னேன்னு சொல்லுங்க. நடந்ததெல்லாம் நான் மறந்துட்டேன், மனசுல ஒண்ணும் இல்லை. ஞாயித்துக்கெழமை வண்டிய நல்லாக் கழுவி நெழல்ல நிறுத்தி வெக்கச் சொல்லுங்க, நானே மிஷினோட வர்றேன், ஒரு பைசா வேண்டாம். பானெட்டு மட்டுமில்லை, வண்டி முழுசும் போட்டுத் தர்றேன். அவரு கூச்ச சுபாவமுங்க, வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லுவாரு. நான் விடமாட்டேன்னு சொல்லுங்க.